சுகமான பிறகு சொன்ன வாக்கியம்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்களாம். நற்செய்தி மொழிபெயர்ப்புக் கோப்புகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல மூன்று மடங்கு தடிமனாக இருந்ததாம்.

"சிஸ்டர், இதுல ஒரே ஒரு வசனம்தான் இருக்கு. மாற்கு அஞ்சாம் அதிகாரம். ஒரு வினைச்சொல்லுக்கு ஒன்றரை வருஷமா? இப்ப கம்ப்யூட்டர் முழு அதிகாரத்தையும் நாங்க டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போட்டுக் குடுத்துருது."

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அப்படி எழுத ஆரம்பித்ததுதான் இது.

நான் முதலில் நர்ஸ். மைசூரிலேயே ஒரு மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. அதற்கு மேல் வார்டில் நிற்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பத்தாறு வயது. சர்ச் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: நற்செய்திகளைக் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துப் பேச்சுத் தமிழில் ஒலிப்பதிவு செய்யப் போகிறார்கள், அந்தப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும். என் அம்மா கொள்ளேகால்காரர். வீட்டில் அந்தப் பேச்சுதான். போய்ச் சேர்ந்தேன். நற்செய்திகளின் மூலமொழி என்பதால் இரண்டு வருடம் மாலை வகுப்பில் கிரேக்கம் படிக்க வைத்தார்கள். பெரிய புலமை ஒன்றும் வரவில்லை. அகராதியைப் புரட்டவும், ஒரு சொல் வேறு எங்கெங்கே வருகிறது என்று தேடவும் தெரிந்துகொண்டேன். எப்படியோ, 'சிஸ்டர்' என்ற பெயர் மட்டும் மருத்துவமனையிலிருந்து என்னுடனே வந்துவிட்டது.

அலுவலகம் தேவராஜ மொஹல்லாவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடி. ஜன்னல்களில் தடித்த ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டுத்தான் ஒலிப்பதிவு நடக்கும். அப்படியும் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் இறக்கும் சத்தம் உள்ளே வரும். ஒலிப்பதிவு செய்கிற மஞ்சு கையைத் தூக்கி, "சிஸ்டர், ஸ்வல்ப நில்லுங்க, ஆட்டோ போகட்டும்" என்பான். ஏசு புயலை அடக்குகிற இடத்தை ஒன்பது முறை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்திருக்கிறோம்.

எங்கள் தலைவர் சாலமோன் ஐயா. கிரேக்கத்தில் ஊறியவர். அவருக்கு இடது காது கேட்காது. அதனால் மொழிபெயர்த்ததை யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது, அவர் வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பிடிக்கவில்லை என்றால், "இது எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்பார். மூலத்தில் எந்தச் சொல்லிலிருந்து இதை எடுத்தாய் என்று பொருள். நாம் தேடிக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அவர் கண்ணைத் திறக்காமல் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் நாமே பென்சிலை எடுத்து அடித்துவிடுவோம்.

என் வேலை அதற்கு அடுத்த கட்டம். ஐயா ஒப்புக்கொண்ட பகுதியைப் பதிவு செய்து, அந்தக் கதையை அதுவரை கேட்டே இராத ஒருவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டு முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "இதை உங்க வீட்ல ஒருத்தருக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, தலையைக்கூட ஆட்டக் கூடாது. திரும்பும்போது பதிவை அங்கே விட்டு வரக் கூடாது. முடியாத வரைவு ஊருக்குள் சுற்றினால் பிறகு பிடிக்க முடியாது என்பார் ஐயா.

இப்படிக் கேட்டதில்தான் எத்தனை வெளியே வந்தது. முதல் வரைவில் 'உன் விசுவாசம்' என்று இருந்தது. சர்ச்சில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதைவிடத் தெளிவான சொல் இல்லை. கொள்ளேகால் பஸ் நிலையத்தில் பூ விற்கிறவரிடம் போட்டுக் காட்டினேன். "அந்தம்மாவுக்கு நாயாட்டம் விசுவாசமுங்" என்றார், பாராட்டாகத்தான். ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அவரு சொல்றதும் அதுல இருக்கு, தெரியுமா? பிஸ்டிஸ்ன்னா நம்புறதும்தான், நம்பினவரை விட்டுப் போகாம இருக்குறதும்தான்" என்றார். ஒரு கிரேக்கச் சொல்லை நம் ஊர்ப் பேச்சில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதற்குள் எத்தனை அறைகள் என்று தெரியும். அந்த வேலையில் எனக்குச் சலிக்காத விஷயம் அதுதான். விசுவாசம் போய் 'நம்பிக்கை' வந்தது.

பிரச்சினை அந்த வாக்கியத்தின் மற்றப் பாதியில் வந்தது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வருடமாக உதிரப் போக்கு. வைத்தியர்களிடம் அலைந்து, இருந்ததை எல்லாம் இழந்து, இன்னும் மோசமாகிப் போனாள். கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து ஏசுவின் மேலாடையைத் தொடுகிறாள். சுகமாகிறது. தொட்டது யார் என்று அவர் கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு முன்னால் வந்து உண்மையைச் சொல்கிறாள். அவர் அவளை 'மகளே' என்று அழைத்து, உன் நம்பிக்கை உன்னை இன்னது செய்தது என்கிறார். அந்த 'இன்னது செய்தது' கிரேக்கத்தில் 'ஸேஸோகென்'. எங்கள் வரைவில் 'குணமாக்கிருச்சு' என்று போட்டிருந்தோம். ஐயாவும் கண்ணை மூடிக் கேட்டு, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

அந்தப் பதிவை ராமாபுரத்துக்குக் கொண்டுபோனேன். பழனியம்மா என்று ஒருவர். புருஷன் முருகேசனுக்குக் கொஞ்சம் மக்காச்சோளக் காடு. இந்துக் குடும்பம், மாதேஸ்வரன் மலைக்கு வருடம் தவறாமல் போகிறவர்கள். இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். பழனியம்மா சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார். பத்து வயது மகள் கௌரி பக்கத்தில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். கதையைத் திருப்பிச் சொல்லும்போது பழனியம்மா ஒரு விவரத்தைக்கூட விடவில்லை. அந்தப் பெண் வைத்தியர்களிடம் அலைந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மியது. நான் எழுதிக்கொண்டேன். குரல் கம்மியதையும் எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி.

கிளம்பும்போது அவர் கேட்டார். "அக்கா, அதை எனக்கு அனுப்பி உடுங்க. இன்னொருக்கா கேக்கோணும்."

எங்கள் விதி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை வருடத்தில் யாரும் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பகுதியோடு போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "கௌரியக் கொள்ளேகால் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. வலிப்பு வந்து அடுப்பு மேல உழுந்துருச்சு" என்றார்.

வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். பிள்ளைகள் வார்டில் கௌரி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது முழங்கை வரை கட்டு. பழனியம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாலு வருசமா வலிப்புங். மைசூர்ல பாத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. குடுத்துட்டுத்தான் இருந்தன். அப்படியும் எப்பவாச்சும் வரும். உங்க கதையக் கேட்டன். அந்தம்மாவும் வைத்தியமெல்லாம் பாத்து ஒண்ணும் ஆகல. நம்புச்சு, குணமாயிருச்சு. அப்ப நான் மாத்திரையும் குடுத்துட்டு மாதேஸ்வரனையும் கும்பிட்டா, அது நம்புனதா ஆகுமுங்களா? பாதி மாத்திரைய நம்பறன், பாதி சாமிய நம்பறன். அதாங் நிறுத்திப் பாத்தன். பதினோராம் நாளு, வெந்நி அடுப்புப் பக்கத்துல நிக்கறப்ப வந்துருச்சு. விடவே இல்லீங், வந்துட்டே இருந்துச்சு."

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பிள்ளைகளுக்கு நானே ஊசி போட்டிருக்கிறேன். அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திட்டில் மாத்திரை அட்டை இருந்ததைப் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. என்ன மாத்திரை என்று எட்டிப் பார்க்கவில்லை. அன்று நான் சொற்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழனியம்மா கௌரியின் கால் பக்கம் போர்வையை இழுத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கு நம்பிக்கை பத்தலீங்களா அக்கா?"

நான் எழுந்தேன். வராண்டாவுக்குப் போய் ஐயாவுக்குப் போன் செய்தேன். பதிவை அனுப்பியதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. "வரிசையா சொல்லுங்க. என்னிக்குப் போட்டுக் காட்டினீங்க, என்னிக்கு நிறுத்தினாங்க, இப்ப பிள்ளை எப்படி" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அனுப்பினது உங்க தப்பு, சிஸ்டர். அனுப்புன வாக்கியம் என் தப்பு. நான் வர்றேன்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே ஐயா வார்டில் இருந்தார். தோளில் ஒரு துணிப்பை, அதில் கிரேக்கப் புத்தகம், ஒரு சீப்பு வாழைப்பழம். கௌரி விழித்திருந்தாள். அவளுக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு, பழனியம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார இரண்டு நிமிடம் ஆயிற்று.

"அம்மா, அந்தக் கதையை நாங்க சரியாச் சொல்லலை. நம்பிக்கை இருந்தா மருந்து வேண்டாம்னு அதுல எங்கயும் இல்லை. அப்படிக் கேட்டிருந்தா, கேட்டவங்க தப்பு இல்லை. சொன்ன எங்க தப்பு. மன்னிச்சிருங்க" என்றார்.

பழனியம்மா என்னைப் பார்த்தார். ஐயா தொடர்ந்தார். வலிப்பு வருகிற ஒரு பையனின் கதை இதே புத்தகத்தில் இருக்கிறது என்றார். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். அவனுடைய அப்பா வந்து, நம்புகிறேன், எனக்கு நம்பிக்கை இல்லாத இடத்தில் நீங்களே உதவி செய்யுங்கள் என்று கத்தினார். "பாதி நம்பிக்கைதான் அவருக்கு இருந்துச்சு. அவரே ஒத்துக்கிட்டாரு. அது போதாது, போய் மிச்சத்தைக் கொண்டா அப்படின்னு யாரும் அவரைத் திருப்பி அனுப்பலை. பிள்ளைக்குச் சரியாச்சு."

பழனியம்மா கேட்டுக்கொண்டார். பிறகு முந்தைய கதைக்கே திரும்பினார்.

"சரிங் ஐயா. ஒண்ணு கேக்கறன். அந்தம்மா துணியத் தொட்டப்பவே ஒடம்பு சரியாப் போச்சுன்னுதான சொன்னீங்க? நான் நாலஞ்சு தடவ கேட்டனுங். தொட்ட ஒடனே ரத்தம் நின்னு போச்சு, அவளுக்கே தெரிஞ்சு போச்சு."

"ஆமாம்மா."

"அப்பறம் எதுக்குக் கூப்புட்டு, உன் நம்பிக்கை உன்னையக் குணமாக்குச்சுன்னு சொல்றாரு? அதுதான் முன்னமே ஆயிப்போச்சே. ஆனதையே எதுக்குத் திருப்பிச் சொல்லோணும்?"

ஐயா வலது காதை அவர் பக்கம் திருப்பி, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பழனியம்மா சொன்னார். ஐயா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தார். வாசிக்கிறாரா, சும்மா பார்க்கிறாரா என்று தெரியவில்லை. அந்தப் பகுதி அவருக்கு மனப்பாடம். ஆனாலும் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனார்.

"சிஸ்டர், இங்க பாருங்க. அவ உடம்புல உணர்ந்த இடத்துல 'இயாத்தாய்'. வைத்தியர் குணப்படுத்துறதுக்கு உள்ள சொல்லு. கடைசியில 'ஹுகியேஸ்', நோவு இல்லாம நல்லா இருன்னு. நடுவுல 'ஸேஸோகென்'. மூணு சொல்லு. நாம மூணுக்கும் குணம் குணம் குணம்னு போட்டுட்டோம்."

"எனக்குத் தெரியலைங்க ஐயா" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். லூக்காவுல ஏசுவோட காலடியில அழுதாளே ஒரு பொண்ணு. அவளுக்கு என்ன நோய்?"

"நோய் ஒண்ணும் இல்லை."

"அவளுக்கும் இதே வாக்கியம்தான். ஒரு எழுத்து மாறலை. உன் நம்பிக்கை உன்னை ஸேஸோகென். பத்துக் குஷ்டரோகிங்க சுத்தமானாங்க. பத்துப் பேருக்கும் உடம்பு சரியாச்சு. நன்றி சொல்லத் திரும்பி வந்தவனுக்கு மட்டும்தான் இந்த வாக்கியம். இதை வகுப்புல முப்பது வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன். மொழிபெயர்க்கறப்ப மறந்துட்டேன்."

அவர் பழனியம்மாவிடம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. எதுக்குக் கூப்பிட்டு அதைச் சொன்னாருன்னு உங்களுக்குத் தோணுது?"

"எனக்கென்னங் தெரியும்." கௌரியின் வாயோரம் ஒட்டியிருந்த பழத்தைத் துடைத்துவிட்டு யோசித்தார். "பன்னெண்டு வருசம் அப்பிடி இருந்தவள யாரும் பக்கத்துல சேத்திருக்க மாட்டாங்க. திருட்டுத்தனமாத்தான வந்து தொட்டா. குணமானது அவளுக்கு மட்டுந்தான் தெரியும். நாலு பேரு முன்னால மகளேன்னு கூப்புட்டு, நீ கரையேறிட்டீன்னு சொல்றாரு. இனி ஒளிய வேண்டாம்னு. அப்பிடித்தானுங்களே?"

கரையேறிட்டீ. ஐயா என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தேன். அதே வினைச்சொல்லைத்தான், தண்ணீரில் மூழ்கப் போன சீடன் ஏசுவைப் பார்த்துக் கத்தும்போது மத்தேயு எழுதுகிறார். அங்கே அதற்கு நேரடிப் பொருளே கரையேற்று என்பதுதான்.

மைசூர் திரும்பும் பஸ்ஸில் ஐயா மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். நான் கேட்க வேண்டும் என்று நினைத்ததைப் பாதி வழியில், திருமகூடல் தாண்டிய பிறகுதான் கேட்டேன். என்னை வேலையில் வைத்திருப்பீர்களா என்று. "விதியை மீறினா என்ன ஆகும்னு இனிமே உங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்?" என்றார். அது மன்னிப்பா, தண்டனையா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோப்பு தடித்தது. மேற்பார்வைக் குழுவில் ஒரு ஓய்வுபெற்ற போதகர் இருந்தார். நல்ல படிப்பாளி. அவர் சுலபமாக விடவில்லை. "தொடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணே, தொட்டால் போதும் என்று நினைக்கும்போது இதே சொல்லைத்தானே பயன்படுத்துகிறாள்? அவள் கேட்டது உடம்புக்குச் சுகம். அதை நீங்கள் எப்படி எடுத்துவிட முடியும்?" என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சொல்லுக்குள் உடம்பும் இருக்கிறது. ஐயாவும் அதை மறுக்கவில்லை. அப்படியானால் இரண்டு இடத்துக்கும் தாங்குகிற ஒரே சொல் வேண்டும் என்றார். 'தொட்டாலே நான் கரையேறிருவேன்' என்று அவள் நினைப்பதாகவும், 'உன் நம்பிக்கை உன்னைக் கரையேத்திருச்சு' என்று அவர் சொல்வதாகவும் வைத்தோம். லூக்காவின் பெண்ணுக்கும், திரும்பி வந்த குஷ்டரோகிக்கும் அதையே வைத்தோம். நான் ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் காட்டினேன். போகிற இடத்திலெல்லாம், வீட்டில் யாராவது மருந்து சாப்பிடுகிறார்களா என்று முதலில் கேட்டேன். அந்தக் கேள்வி எங்கள் விதிகளில் இல்லை. பிறகு ஐயா அதைச் சேர்த்தார். கடைசியில் போதகர் ஒரு வரி எழுதி அனுப்பினார்: மனசு முழுதாக ஒப்பவில்லை, ஆனால் இதைவிட நல்லது என்னிடம் இல்லை.

ஒலிப்பதிவு முடிந்து வெளியானதும் ராமாபுரத்துக்குப் போனேன். கௌரி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மாத்திரையை மறுபடி ஒழுங்காகக் கொடுத்ததில் ஒரு வருடமாக வலிப்பு வரவில்லை. இடது கையில் தோல் சுருங்கி, விரல் இரண்டு முழுதாக நீளவில்லை. அவள் அதைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு நின்றாள்.

நான் பழனியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மருத்துவமனையில் ஐயா கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை.

"மாத்திரைய நிறுத்துனது நானுங் அக்கா. அது என்னோட தப்புங்" என்றார். "ஆனா நீங்க கதையப் பாதியில எடுத்துட்டு வந்தீங்களாமே. ஐயா அன்னிக்குக் கிளம்பறப்ப சொன்னாரு. முன்னாலயும் பின்னாலயும் ஒரு புள்ளையோட கதை இருக்குதாம். அதைப் போடுங்க."

அது உண்மை. அந்த அதிகாரத்தில், சாகக் கிடக்கிற ஒரு சிறுமியின் வீட்டுக்கு ஏசு போகிற வழியில்தான் இந்தப் பெண் வருகிறாள். சோதனைக்கு நீளம் அதிகம் என்று நாங்கள் நடுவில் இருந்ததை மட்டும் வெட்டி எடுத்திருந்தோம்.

போட்டேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பிள்ளை செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொல்லும்போது ஏசு அப்பாவிடம், பயப்படாதே, நம்பிக்கொண்டு மட்டும் இரு என்கிறார். அந்த இடத்தில் நான் பதிவை நிறுத்திவிட்டேன்.

"ஏனுங் நிறுத்திட்டீங்க?"

"இதைக் கேட்டு மறுபடியும்..."

பழனியம்மா சிரித்தார். "அது அந்த அப்பனுக்குச் சொன்னதுங். நான் மாத்திரையும் குடுத்துட்டு நம்பறன். போடுங்க."

சிறுமி எழுந்து நடக்கிறாள். எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள். ஏசு சொல்வது இரண்டே விஷயம். இதை யாருக்கும் சொல்லாதீர்கள், இவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள். பதிவு அங்கே முடிந்தது.

"சோறு குடுக்கோணும்னு பெத்தவங்களுக்குத் தெரியாதுங்களா? அதை எதுக்கு அவரு சொல்றாரு?" என்றார் பழனியம்மா.

எனக்கும் தெரியவில்லை என்றேன். எந்த உரையிலும் மனதுக்கு நிறைவான பதிலை நான் படித்ததில்லை.

கௌரிதான் சொன்னாள், வாசல் நிலையில் சாய்ந்தபடி. "சந்தோசத்துல மறந்திருப்பாங்க. அவளுக்குப் பசிச்சிருக்கும்."

பழனியம்மா அவளைப் பார்த்தார். "உனக்குப் பசிக்குதா?"

"காத்தாலருந்து."

பழனியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். எனக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்தார். கௌரி என் பக்கத்தில் உட்கார்ந்து, மறைத்து வைத்திருந்த கையை எடுத்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.